ஏழு முகமும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

அந்தக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் மனோதத்துவம் படித்த யாருக்கும் டாக்டர் சோமசேகரத்தின் முகம் மறக்காது. மறக்க விடமாட்டார்கள். உணர்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகத்தில், வழவழப்பான தாளில் ஏழு படங்கள் இருந்தன: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு, இகழ்ச்சி. ஏழிலும் அவரேதான். மற்றவர்கள் முகத்தில் உணர்ச்சி சுத்தமாக விழுவதில்லை என்பது அவருடைய குறை. லண்டனில் படித்தபோது நிலைக்கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் பழகி அந்த ஏழையும் தேற்றியிருந்தார்.

புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: ஓர் உணர்ச்சிக்கு ஒரு முகம், அந்த முகத்தை உலகத்தில் யாரிடம் காட்டினாலும் ஒரே பதில்தான் வரும். எங்கள் கல்லூரியில் எந்த மாணவரிடம் நாலாவது படத்தைக் காட்டினாலும் “பயம்” என்றார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? பரீட்சையில் அதற்கு மார்க் உண்டே. மாகாணம் முழுக்க விரிவுரையாளர்கள் வகுப்பில் அவரைப் போலவே மூக்கைச் சுருக்கி அருவருப்பு நடத்தினார்கள். திருச்சியிலிருந்து ஒருவர், இகழ்ச்சிக்குத் தூக்க வேண்டியது இடது உதட்டோரமா வலது உதட்டோரமா என்று கேட்டுக் கார்டு போட்டார். இவரும் பதில் போட்டார்.

இப்படிக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தவரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை மதிப்புரை பிடித்து நிறுத்தியது. ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: இந்தப் படங்களை இந்தப் புத்தகம் படிக்காதவர்களிடம் ஆசிரியர் காட்டிப் பார்த்தாரா? அந்த வாரம் முழுவதும் அவர் மூன்றாவது படத்தைப் போலவே நடமாடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நான் ருக்குமணி. சேந்தமங்கலத்தில் மிளகு மண்டி வைத்திருந்த அருணாசலத்தின் ஒரே மகள். டாக்டர் சோமசேகரத்திடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த முதல் பெண். அதனால் மேஜை துடைப்பதும் என் ஆராய்ச்சியில் அடக்கம் என்று அவர் நினைத்திருந்தார். “மிஸ் ருக்குமணி, என் புத்தகத்தைப் படிக்காதவர்கள் எங்கேயாவது இருக்கிறார்களா?” என்று கவலையோடு கேட்டார்.

“எங்க ஊருக்கு நேர் மேலேயே இருக்கிறார்கள் சார். கொல்லிமலையில்” என்றேன்.

அப்படித்தான் முப்பத்தேழாம் வருஷக் கடைசியில் ஏழு படங்களை மெழுகுத் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே மடக்கினார். நாமக்கல்லில் பஸ் விடுகிற ஒரு பெரிய மனிதரின் மகன் எனக்காகக் காத்திருந்தான். ஒரு தடவை பெண் பார்க்க வந்தான். என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல.

“ருக்கு, நான் ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டேன். மாசிக்குள்ள உங்க வாத்தியார் ‘இந்தப் புள்ளயோட ஆராய்ச்சி சரி’னு கையெழுத்துப் போட்டுட்டா, நீ படி. நான் குறுக்க நிக்கல. போடலைனா வைகாசியில கல்யாணம். அப்பறம் மூஞ்சியத் தூக்கக்கூடாது” என்றார் அப்பா.

மூஞ்சியைத் தூக்குவது எத்தனாவது படம் என்று யோசித்துக்கொண்டே சரி என்றேன்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏற வேண்டும். சோளக்காட்டைத் தாண்டி ஒரு சின்ன ஊரில், அப்பாவின் மண்டிக்கு மிளகு போடுகிற காத்தானும் அவர் மனைவி மாதம்மாளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். மாதம்மாள் என்னைப் பார்த்த அன்றே, “எனக்குக் கூடப் பொறந்ததுனு யாருமில்ல கண்ணு. நீ எனக்குத் தங்கச்சியா இருந்துக்க” என்றாள். ஏதோ அன்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த ஊரில் அது வெறும் அன்பில்லை, ஏற்பாடு. வந்து தங்குகிறவர்களுக்கு ஏதாவது ஒரு முறை வைத்தால்தான், யார் அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது ஊருக்குப் பிடிபடும். அன்று மாலைக்குள் காத்தானின் பங்காளிகள் அத்தனை பேரும் என்னைக் கொழுந்தியா என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் சோதனையைத் தொடங்கினேன். விஞ்ஞானம் கெட்டுவிடக்கூடாதே என்று ஒவ்வொருவரையும் தனியாகப் பலா மரத்தடிக்கு அழைத்து, படத்தைக் காட்டி, “இவருக்கு இப்ப என்னங்க?” என்று கேட்டேன்.

முதலில் வந்தது காத்தானின் தங்கை கண்ணாயி. வாயாடி. அவளிடம் மகிழ்ச்சிப் படத்தைக் கொடுத்தேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

“பசிங்க” என்றாள்.

“சிரிக்கறாருங்களே?”

“சிரிச்சு மறைக்கறாருங்க, பாவம்.”

துக்கம்? பசி. கோபம்? பசி. அருவருப்பைப் பார்த்து, “பசி முத்திப்போச்சுங்க” என்றாள். அடுத்து வந்த சின்னாயிக்கும் பசி, காத்தானுக்கும் பசி. ஊர்க்கவுண்டர் காளியண்ணன் மட்டும் பயப் படத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். நான் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். “ரொம்பப் பசிங்க” என்றார்.

மாதம்மாளிடம் காட்டியிருக்கவே கூடாது. அவள் ஏழு படத்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு இலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து படங்களின் முன்னால் வைத்தாள். அவை சாப்பிடாததால் என்னைச் சாப்பிடச் சொன்னாள். ஒவ்வொரு சோதனைக்கும் இப்படியே நடந்ததில் என் ஆராய்ச்சி முன்னேறவில்லை. நான் முன்னும் பின்னும் முன்னேறினேன்.

வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி பேராசிரியருக்கு எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது. பசி ஓர் உணர்ச்சியே அல்ல, வயிற்றின் நிலை என்றும், ஒரு ஊரே அவர் முகத்தைப் பசி என்கிறது என்றால் கேட்ட விதத்தில்தான் கோளாறு என்றும், மாசிக் கடைசியில் தானே வந்து பார்க்கப்போவதாகவும், அப்போதும் இதே பதில் வந்தால் நான் ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்றும் எழுதியிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. பட்டம் போகிறதே என்று ஒரு பக்கம். இந்த ஜனங்கள் என்னை வைத்து விளையாடுகிறார்களோ என்று மறுபக்கம்.

அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சின்னையன் வந்தார். கண்ணாயியின் புருஷன், காத்தானுக்கு மச்சான். காத்தான் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “என்ன மச்சான், மூஞ்சி உர்ருனு இருக்குது? ஊட்டுல மாதம்மா கரண்டியில போட்டாளாக்கும்? இல்ல, நேத்து சந்தையில யாரோ ஏமாத்தின கோவம் இன்னும் எறங்கலையா?” என்றார். காத்தானுக்கு உண்மையிலேயே சந்தைக் கோபம்தான். நான் துள்ளி எழுந்தேன்.

“அக்கா! இவருக்குக் கோவம்னு சின்னையன் அண்ணனுக்குத் தெரியுது. அப்ப என்னோட படத்துல மட்டும் ஏன் எல்லாருக்கும் பசியாத் தெரியுது?”

மாதம்மாள் என்னை ஒரு அசட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “மச்சானைப் பார்த்து மச்சான் என்ன வேணாச் சொல்லலாம் கண்ணு. விருந்தாளியப் பார்த்து அப்படிச் சொல்லுவாங்களா? ‘உங்களுக்குக் கோவம்’னு சொன்னா, நம்ம ஊட்டுக்கு வந்த எடத்துல கோவப்பட வச்சுட்டோம்னு ஆயிடுமில்ல? ‘துக்கம்’னா, அது என்னனு வேற கேக்கோணும். அவுரு சொல்ல விரும்பாட்டி? விருந்தாளி மூஞ்சி எப்படி இருந்தாலும் பசினு சொல்லிப்போட்டு எலையப் போட வேண்டியதுதான். அவருக்கும் கவுரதி, நமக்கும் கவுரதி.”

“அது வெறும் படமக்கா!”

“படமா இருந்தா என்ன? ஊட்டுக்குள்ள வந்துட்டாரில்ல?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மாதமாக ஒரு ஊரே என் பேராசிரியருக்கு மரியாதை செய்திருக்கிறது. நான் அதைச் சோதனை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, வழி தெரிந்துவிட்டது. டாக்டர் சோமசேகரம் விருந்தாளியாக இருப்பதால்தானே தொல்லை? அவருக்கும் ஒரு முறை வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னேன். காளியண்ணன் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களைக் கூட்டிவிட்டார்.

“பாடம் சொல்லிக் குடுத்தவருன்னா கொழுந்தியாளுக்கு அப்பன் மாதிரி. அப்ப மாதம்மாளுக்கும் அப்பன். காத்தானுக்கு மாமனாரு ஆயிருவாரு. மாமனார் மூஞ்சியப் பார்த்துக் கேலி பேச முடியுமுங்களா? எந்திரிச்சு நிக்கத்தான் முடியும்” என்றார்.

“அப்பா மாதிரியெல்லாம் இல்லீங்க. என்னை மேஜை தொடைக்கச் சொல்லுவாருங்க” என்றேன்.

“அப்ப அண்ணன்” என்று முடிவு கட்டினார்.

ஒரே நிமிஷத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. எனக்கு அண்ணன் என்றால் மாதம்மாளுக்கும் அண்ணன். காத்தானுக்கு மச்சான். கண்ணாயிக்கு முறை மச்சான். காத்தானின் பங்காளிகள் பாதி ஊர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேலி செய்ய ஒரு ஆள் கிடைத்தான். கண்ணாயி படங்களை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“எங்க மச்சானுக்கா கோவம்? கறிச் சட்டிய வழிச்சு முடிச்சப்பறம் வந்து எட்டிப் பார்க்கிற மூஞ்சிங்க இது!”

வியப்புப் படத்தைப் பார்த்துக் காத்தான், “கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி கூப்புடாமயே திரும்பி வந்துட்டா. மச்சான் அரண்டு போய் நிக்கறாரு” என்றார். அதே படத்துக்குக் காளியண்ணன், “பஞ்சாயத்து நாயம் தன்ற பக்கம் தீந்துருச்சு. எப்படித் தீந்துச்சுனு அவனுக்கே வெளங்கல” என்றார். இகழ்ச்சியைப் பார்த்துச் சின்னாயி, “மோதரம் புதுசாப் போட்டிருக்காரு. ஒருத்தரும் கேக்கல” என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எழுதியதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்; இப்போது இரண்டு பேர்கூட ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டுமே பேராசிரியரின் புத்தகத்துக்கு ஆகாது.

ஆனால் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. முகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மனிதர்கள் முகத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. அந்த முகத்துக்கும் தனக்கும் என்ன உறவோ, அந்த உறவில் எதைச் சொல்லலாமோ அதைச் சொல்கிறார்கள். எங்கள் கல்லூரி மாணவர்கள் “பயம்” என்றதும் அப்படித்தான். அவர்களுக்கும் அந்த முகத்துக்கும் இருந்த உறவு பரீட்சை. இதையே என் ஆராய்ச்சியாக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, இதைப் படித்தால் அவர் என்னைத் தலைமுழுகிவிடுவார் என்பதும் தெரிந்தது.

மாதம்மாள் மட்டும் கேலியில் சேரவில்லை. தங்கையாயிற்றே. ஏழு படத்தையும் தடவிப் பார்த்து, “எங்கண்ணன் எளைச்சுப்போயிட்டாரு. யாரு சமைச்சுப் போடறாங்க?” என்றாள். அவர் மனைவி இறந்து வெகு நாளாயிற்று, கிளப்புக் கடையிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வருகிறது என்று சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எப்ப வாராரு?” என்றாள். மாசிக் கடைசியில் என்றேன். அந்தப் பதிலை அவள் எங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

மாதம்மாளுக்குப் பாப்பாத்தி என்று ஒரு மகள். ஊரில் அந்த வயதுப் பிள்ளைகளெல்லாம் காதில் வளையத்தோடு திரிய, இவளுக்கு மட்டும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாதம்மாளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. யாரையாவது பேருக்கு உட்கார வைக்கலாம் என்று எல்லாரும் சொல்லியும், “இரவல் மாமன் எனக்கு வேண்டாம்” என்று அவள் பிடிவாதமாக இருந்துவிட்டாள். இப்போது அவளுக்கு அண்ணன் கிடைத்துவிட்டார். ஊரே கூடி வைத்த முறை. சேந்தமங்கலத்து ஆசாரிக்கு ஆள் போனது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

பேராசிரியர் டோலியில் வந்து இறங்கினார். கோட்டு, தொப்பி, கக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. வெளியூர்த் தண்ணீரும் சோறும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மதராஸிலிருந்து பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே வந்திருந்தார். இறங்கிய காலை மண்ணில் ஊன்றும் முன்பே மேளம் முழங்கியது. மாதம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து, “அண்ணா, வந்துட்டீங்களா!” என்று கதறினாள்.

“யார் இந்த அம்மாள்? ஏன் அழுகிறார்?” என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“உங்கள் தங்கை சார்.”

“எனக்குத் தங்கை கிடையாதே!”

“ஜனவரியிலிருந்து உண்டு சார்” என்றேன்.

நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். பசியைச் சொன்னேன், முறையைச் சொன்னேன், என் முடிவையும் சொன்னேன். பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டவரின் முகம் மூன்றாவது படத்திலிருந்து ஏழாவது படத்துக்கு நகர்ந்தது.

“இது சமையல்கட்டுப் பேச்சு, மிஸ் ருக்குமணி. விஞ்ஞானத்துக்கு மாமன் மச்சான் கிடையாது. நாளைக்கு என்னோடு இறங்கிவிடுங்கள். உங்கள் அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்” என்றார்.

நாமக்கல் பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது. அவரோ அலுப்போடு டப்பாவைத் திறக்கப் போனார். கண்ணாயி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

“ஐயோ மச்சான்! ஊசி குத்தற வரைக்கும் தாய்மாமன் பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாது! டவுனுல இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?”

விருந்தாளியாக வந்திருந்தால் இறங்கிய உடனே இலை போட்டிருப்பார்கள். உறவாகிவிட்டதால் பட்டினி. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், “ஆமாம் சார், அது முக்கியம்” என்றேன்.

அவரை மணையில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் கையால் சீர் வைக்க வேண்டும் என்றார் காளியண்ணன். மற்றதையெல்லாம் மாதம்மாளே தட்டில் அடுக்கியிருந்தாள். ஆனாலும் மாமன் தன் கையால் ஒன்றாவது கொடுக்க வேண்டுமாம். ஊரே அவர் கையைப் பார்த்தது. கையில் இருந்தது பிஸ்கட் டப்பா. அவரும் அதைப் பார்த்தார். பிறகு, கப்பலை எழுதிக் கொடுப்பவர் போல, அதைத் தட்டில் வைத்தார். குதிரை வண்டிப் படம் போட்ட அந்தத் தகர டப்பாவைப் பார்த்ததும் பெண்கள் குலவையிட்டார்கள்.

பாப்பாத்தியை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் போட்ட கூச்சலில் பலா மரத்துக் காக்கைகள் பறந்தன. காளியண்ணன் சமயோசிதமாக டப்பாவைத் திறந்து அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். ஒரு காதில் வளையம் ஏறியது. இன்னொரு பிஸ்கட். இன்னொரு காதிலும் ஏறியது. அப்போது பேராசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புருவம் கூம்பி, கண் கலங்கி, உதடு துடித்து, தொண்டை ஏறி இறங்கி, அவருடைய ஏழு படத்திலும் இல்லாத ஒரு முகம்.

“வலியெல்லாம் எங்கண்ணன் வாங்கிக்கிட்டாரு!” என்று மாதம்மாள் விம்மினாள். கூட்டம் சிரித்துக்கொண்டே ஆமோதித்தது.

பேராசிரியருக்குச் சட்டென்று விஞ்ஞானம் விழித்துக்கொண்டது. அந்த ஊரில் நிலைக்கண்ணாடி இல்லை. தன் முகத்தைத் தானே பார்க்க வழியில்லை. டப்பா காலியானதும் குழந்தையை இறக்கிவிட்டு, சோறு வடிப்பதைக்கூடப் பார்க்காமல், ஆட்களை ஒவ்வொருவராகப் பலா மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். “சற்று முன் என் முகத்தில் என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“தாய்மாமன் மூஞ்சிங்க” என்றார் காத்தான்.

“தாய்மாமன் மூஞ்சிதான். வேறென்ன?” என்றாள் கண்ணாயி. சின்னாயி, சின்னையன், காளியண்ணன், டோலி தூக்கி வந்த ஆட்கள் வரை, ஒருவர் பதிலை ஒருவர் கேட்காமலே ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அவர் என்னிடம் ஓடிவந்தார். லண்டன் போய்வந்த மனிதர் ஓடி அன்றுதான் பார்த்தேன். “பார்த்தீர்களா! ஒரே முகம், ஒரே பதில்! என் சித்தாந்தம் நின்றுவிட்டது. இது எட்டாவது உணர்ச்சி, புத்தம் புதியது. உங்கள் மாமன் மச்சான் முடிவைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுங்கள். இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.”

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பட்டம் கையில். வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது. என் வாய் அப்படி.

“எழுத மாட்டேன் சார். அவர்கள் உங்கள் முகத்தைச் சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்த இடத்தைச் சொன்னார்கள்.”

“இத்தனை பேர் ஒரே பதில் சொல்கிறார்கள்!”

“முதலில் இத்தனை பேரும்தானே பசி என்றார்கள்? அதை மட்டும் ஏன் சார் ஏற்கவில்லை?”

“அது தப்பான பதில்.”

“இது சரியான பதில் என்று யாருக்குத் தெரியும்? முகத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்கள் சார். அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன இருந்தது?”

அவர் முகம் சிவந்து, விறுவிறுவென்று பந்திக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு, படங்களை மெழுகுத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்தார். வெளியூர்ச் சோறு ஒத்துக்கொள்ளாதவர், மாதம்மாள் கையால் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“பிஸ்கட்” என்றார்.

“என்ன சார்?”

“என்ன இருந்தது என்று கேட்டீர்களே. பிஸ்கட்தான் இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டப்பாவில் மிச்சம் இருந்ததே கொஞ்சம். அதை என் மடியிலேயே உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே அந்தக் குழந்தை ஒவ்வொன்றாகத் தின்கிறாள். காதில் குத்தியதைக்கூட நான் கவனிக்கவில்லை, மிஸ் ருக்குமணி. அந்த முகம் பசி. வெறும் பசி.”

ஏழு படத்தையும் பசி என்ற ஊர், அவர் உண்மையிலேயே பசித்திருந்த ஒரே நாளில் அதைச் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு விருந்தாளி இல்லையே. இதற்கு மேல் என் முடிவுக்கு என்ன ருசு வேண்டும்? அது அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை மறைக்கத் தெரியாத மனிதர் அவர். அதற்காகவே அவரை இன்றுவரை மன்னித்து வைத்திருக்கிறேன்.

“காகிதத்தைக் கொடுங்கள்” என்றார். முழங்காலில் வைத்து, ‘ஆராய்ச்சி சரி, முடிவு ஆராய்ச்சியாளருடையது, என் புத்தகத்துக்கு எதிரானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதேவிட்டேன். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. அந்த வைகாசியில் பஸ்காரர் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, நானே போய் மொய் எழுதினேன்.

அவருடைய புத்தகத்தின் அடுத்த பதிப்பில் எட்டாவதாக ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. கண்ணாடி முன்னால் எத்தனை நாள் நின்றும் அந்த முகம் அவருக்குத் திரும்ப வரவில்லை. கட்டத்தின் கீழே, ‘இதன் பெயர் பார்ப்பவருக்கும் இவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது: ருக்குமணி’ என்று போட்டிருந்தார். மாகாணம் முழுக்க மாணவர்கள் அதையும் மனப்பாடம் செய்தார்கள். பரீட்சையில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்தால் முழு மார்க். ஜெர்மனியிலிருந்து ஒருவர், கொல்லிமலை மாமனின் நாடித் துடிப்பு என்ன என்று கேட்டு எழுதினார். திருச்சிக்காரர் வழக்கம்போல, கட்டம் சதுரமா செவ்வகமா என்று கேட்டார்.

அதெல்லாம் பிறகு. அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எழுந்து போகவில்லை. முற்றத்தில் பாப்பாத்தி காலி டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடி இருந்தார்.

“இன்னொன்று கேட்க வேண்டும்” என்றார், என்னைப் பார்க்காமல். “கடைசி பிஸ்கட். அதைப் பாதி கடித்துவிட்டு, மீதியை அவள் என் வாயில் வைத்தாளே. அப்போது எல்லாரும் குலவையிட்டுக்கொண்டு இலை போடப் போய்விட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என் முகத்தில் என்ன இருந்தது?”

பார்த்திருந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியின் கீழே வழிந்ததைப் பார்த்தேன். கேரியர் சோற்றில் கழிந்த அத்தனை வருஷமும் அதில் இருந்தது. அதற்கு எனக்குப் பெயரும் தெரியும். ஆனால் மாதம்மாள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ஆராய்ச்சி என்னுடையது.

“பசி மாதிரி இருந்துச்சுங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இருக்கும்” என்றார்.

“எந்திரிங்க அண்ணா” என்றேன். “அக்கா மறுபடியும் எலை போட்டுட்டா.”